பாடம் செய்தல்: கஞ்சாவின் உலர்த்தலும் அதற்குரிய தமிழ்ச் சொற்களும்

அறுவடை செய்த பயிர் நுகர்பொருளாக மாறும் இடைக்காலத்தில் அதற்கு நேரும் மாற்றங்களை நம் கலைச்சொல் தொகுப்புகள் பெரும்பாலும் ஒரே சொல்லால் முடித்துவிடுகின்றன. தோலைப் பதப்படுத்தினர், மீனைப் பதப்படுத்தினர், பாலைப் பதப்படுத்தினர், புகையிலையையும் பதப்படுத்தினர். ஆங்கிலம் இவ்விடத்துப் பல சொற்களை வேறுபடுத்தி ஆள்கின்றது. அவற்றுள் ஒன்று 'கியூரிங்' என்பது. பொருளின் ஈரம் ஓரளவு நீங்கிய பின்னர், அதன் நிறமும் மணமும் சுவையும் மெல்ல மாறுமாறு காலங்கொடுத்துக் காத்தலை அச்சொல் உணர்த்தும். இதற்கு நேரான தமிழ்ச்சொல் இல்லை என்று கருதுவாரும் உளர். சொல் உண்டு, அதனை அறிந்தோர் உழவரும் புகையிலை வணிகருமே ஆதலின், நூல்வழிச் சொல்தேடுவார் கண்ணில் அது படவில்லை என்பதே எம் கருத்து. அதனைக் கஞ்சா என்னும் பயிரின்வழி ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கஞ்சாவைத் தேர்ந்தமை சிலர்க்கு வியப்பளிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் அறுவடைக்குப் பிந்திய பக்குவம் இத்துணை நுணுக்கமாக ஏட்டில் ஏறிய பயிர் அரிது. 1877-இல் ஹேம் சந்தர் கெர் என்பார் வங்காளத்துக் கஞ்சாப் பயிரையும் வணிகத்தையும் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1893-இல் கல்கத்தாத் தாவரவியலறிஞர் டேவிட் பிரெயின் மற்றோர் அறிக்கை தந்தார். அவ்வாண்டே அமைக்கப்பெற்ற இந்தியக் கஞ்சாப் பொருள்கள் ஆணைக்குழு, மாக்வொர்த் யங் என்பாரின் தலைமையில் 1,193 சான்றாளரை வினவி, 1894-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. இவ்வேடுகளைத் தமிழில் பெயர்க்க முற்படுவார் யாரும் முதற்கண் தடுமாறும் இடம் 'உலர்த்தல்' என்பதேயாம். எவ்வாறு என்பதைக் காண்போம்.

அக்காலத்தில் வங்காள அரசு கஞ்சாப் பயிரை ஒரு சிறு நிலப்பகுதிக்குள் அடக்கி வைத்திருந்தது. இராசசாகி, தினாசுப்பூர், போக்ரா ஆகிய மூன்று மாவட்டங்களின் எல்லைகள் கூடுமிடத்தில் அமைந்த அப்பகுதிக்கு நௌகாவ் தலைமையிடம். இன்று அவ்வூர் வங்காளதேசத்தில் உள்ளது. அங்கே இப்பயிர் 1980-களின் இறுதியில் முற்றும் தடைசெய்யப்பட்டது. (சென்னை மாகாணத்திலும் வடஆர்க்காட்டுச் சவ்வாது மலையில் அரசின் இசைவோடு கஞ்சா பயிரிடப்பட்டதுண்டு, ஆயினும் பக்குவமுறையைப் பற்றிய விரிவான விளக்கம் வங்காளத்துக்கே கிடைக்கின்றது.) ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகளாக வளரும் இப்பயிரில் ஆண்செடிகளை இனங்கண்டு களைந்தெறிதற்குப் 'பொத்தார்' எனப்படும் வல்லுநர் இருந்தனர். மகரந்தம் சேராத பெண்பூங்கதிர் விதைகொள்ளாது பிசின் மிகுந்து பருக்கும். அக்கதிரே கஞ்சா. இலை பாங்கு எனப்படும். பிரித்தெடுத்த பிசின் சரசு எனப்படும்.

தை, மாசியில் கதிர் முதிர்ந்ததும் செடிகளை வெட்டிச் 'சாத்தர்' என்னும் களத்திற்குக் கொணர்வர். முதலில் வெயிலில் பரப்புவர். இலை துவளும், ஆனால் காயாது. பின்னர்ப் பயனற்ற தண்டும் இலையும் கழித்துக் கதிருள்ள கிளைகளை மட்டும் அளவாக நறுக்கி, இரவில் பனியில் கிடக்க விடுவர். பகலில் இழந்த ஈரத்துள் ஒரு பகுதியை இரவுப் பனி மீட்டுத் தருகின்றது. உலர்த்துவதே நோக்கமாயின் பனியில் இடுவானேன்? நோக்கம் அதுவன்று. நொறுங்காத மென்மையோடு கதிர் இருத்தல் வேண்டும். இன்றேல் அடுத்த வினை நடவாது.

அடுத்த வினை மிதித்தல். கிளைகளைக் கதிர்முனை உள்நோக்குமாறு வட்டமாக அடுக்கி, ஆட்கள் அதன்மேல் நின்று காலால் அழுத்தி மிதிப்பர். பிசின் ஒட்டுதலால் கதிர்கள் தட்டையாகப் படிந்து இறுகும். மிதித்தவற்றைக் குவித்துப் பாயால் மூடி வைப்பர். குவியலின் உள்ளே வெப்பம் எழும். பின்னர்ப் பிரித்து உதறி, உதிர்ந்த இலையை நீக்கி, மீண்டும் பரப்பி, மீண்டும் மிதிப்பர். இங்ஙனம் சில நாள் கழிந்தபின் கிடைப்பது தட்டைக் கஞ்சா. மற்றொரு முறையில், நீளக் கட்டிய மூங்கிலைப் பற்றி நின்றுகொண்டு ஆட்கள் கிளைகளைக் காலடியில் உருட்டுவர். அவ்வாறு திரண்டது உருட்டுக் கஞ்சா. உதிர்ந்த கதிர்த்துண்டுகள் 'சூர்' எனப்பட்டன. வரி, இம்மூன்றுக்கும் தனித்தனி வீதத்தில் விதிக்கப்பட்டமையால் அரசு அலுவலர்க்கும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது.

இத்தொடர்ச்சியில் எது உலர்த்தல்? வெயிலில் துவளவிட்டது ஒன்று, குவித்து மூடியது ஒன்று, இறுதியாகக் காயவிட்டது ஒன்று. மூன்றும் வேறு. ஆங்கில அறிக்கைகள் இவற்றை விளக்கத்தால் வேறுபடுத்துகின்றன. தமிழில் பெயர்ப்போர் தனிச்சொற்களாலேயே வேறுபடுத்தலாம். அவ்வளவு வளம் நம் வழக்கில் உண்டு.

வாடுதல் என்பது உயிருள்ள பசும்பொருள் நீர் இழந்து துவள்வது. வாழையிலையை அனலில் காட்டி வாட்டுகிறோம். அது உலர்ந்துவிடவில்லை, மடியும் பதத்தை எய்தியது. உலர்தல், மேலே ஒட்டிய ஈரமோ உள்ளீரமோ காற்றால் நீங்குவது. துணி உலரும், நாவும் உலரும். காய்தல் வெப்பத்தை வேண்டும். வெயிலோ தீயோ சுரமோ இன்றிக் காய்தல் இல்லை. வற்றல், நீர் குறைந்து உருச்சுருங்குவது. குளமும் வற்றும், சுண்டைக்காயும் வற்றும். புலர்தல் மென்மையானது. பூசிய சாந்தும் நீராடிய கூந்தலும் புலரும் எனப் பழம்புலவர் பாடினர்; இரவு நீங்குவதையும் அச்சொல்லாலேயே குறித்தனர். உணங்கல் என்பது சங்கநூல்களில் வெயிலில் பரப்பிக் காவல் காக்கப்படும் தானியத்துக்கும் மீனுக்கும் வரும். நெய்தல் மகளிர் மீன் உணங்கலைக் கவரவரும் புள்ளை ஓட்டுவது யாவரும் அறிந்த காட்சி. தமிழ் வழக்கில் அருகிய இவ்வினை மலையாளத்தில் இன்றும் நாள்வழக்கில் உள்ளது.

இனி, புழுங்குதல். ஈரமும் வெப்பமும் காற்றுப் புகாது ஓரிடத்தில் கூடி நிற்பதே புழுக்கம். நெல்லைப் புழுக்குவதும், மழைக்கு முன் உடல் புழுங்குவதும், மனம் புழுங்குவதும் இந்நிலையையே சுட்டும். சாத்தர்க் களத்தில் பாயின்கீழ் எழுந்த வெப்பத்திற்கு இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. 'நொதித்தல்' என்று சிலர் எழுதுவர். கள்ளிலும் மாவிலும் நுண்ணுயிர் செய்வது நொதித்தல். தழைக்குவியலில் நிகழ்வது பெரும்பாலும் தழையின் தன்நொதிகள் செய்யும் வேலை. ஆகவே புழுக்கம் என்பதே ஏற்புடைத்து.

இவ்வேறுபாடுகள் வெறும் சொல்லழகுக்குரியன அல்ல என்பதை இன்று கஞ்சா வளர்ப்புச் சட்டத்தால் இசையப்பெற்ற நாடுகளில் வீட்டு வளர்ப்போர் கையாளும் முறை காட்டும். உருகுவேயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வீட்டுக்கு 6 செடிகளையும், கனடாவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 4 செடிகளையும், செருமனியில் 2024-ஆம் ஆண்டுச் சட்டம் வயதுவந்தோர் ஒருவர்க்கு 3 செடிகளையும் இசைகின்றன; கனடாவின் சில மாநிலங்கள் வீட்டு வளர்ப்பைத் தடுக்கவும் செய்தன. இவ்வளர்ப்போர் வெயிலை நாடுவதில்லை. வெட்டிய கிளைகளைத் தலைகீழாக இருட்டறையில் தொங்கவிடுகின்றனர். 15 முதல் 20 பாகை வெப்பமும், 50 முதல் 60 விழுக்காடு காற்றீரமும், மெல்லிய காற்றோட்டமும் வேண்டும் என்பர். ஒரு வாரம் முதல் இரு வாரம்வரை இவ்வாறு புலரவிட்டு, சிறு காம்பை வளைத்தால் நெகிழாது ஒடியும் பதம் வந்ததும் கதிர்களை நறுக்கிக் கண்ணாடிச் சாடியில் நிரப்பி மூடுகின்றனர். முக்கால் சாடியே நிரப்புவர். முதல் வாரத்தில் நாள்தோறும் மூடியைத் திறந்து காற்று மாற்றுவர். பின்னர் இடைவெளியை நீட்டுவர். கதிரின் நடுவில் எஞ்சிய ஈரம் மேற்புறத்துக்குப் பரவிச் சமனாகின்றது. சாடிக்குள் ஈரம் 65 விழுக்காட்டுக்கு மேற்சென்றால் பூசணம் பற்றும் அச்சம் உண்டு. 55-க்குக் கீழிறங்கினால் கதிர் சருகாகி மணம் இழக்கும். இவ்விரு எல்லைக்கிடையே இரண்டு வாரம் முதல் இரண்டு திங்கள்வரை இருத்துகின்றனர்.

தொங்கவிட்டது உலர்த்தல். சாடியில் இருத்தியது 'கியூரிங்'. ஈரம் நீங்குவது முன்னதன் பயன். பின்னதன் பயன் யாது?

வெட்டிய செடி உடனே இறந்துவிடுவதில்லை. அதன் உயிரணுக்கள் ஈரம் உள்ளவரை மூச்சுவிட்டுக்கொண்டே சருக்கரையையும் மாச்சத்தையும் செலவிடுகின்றன, பச்சையம் சிதைகின்றது. உலர்த்தலை வெப்பத்தால் விரைவுபடுத்தினால் இச்செயல்கள் இடையே நின்றுபோகும். பச்சை நெடியும் காறலும் கதிரில் தங்கிவிடும். மெல்லப் புலர்த்தி மூடிவைத்தால் அவை ஓரளவு முற்றுப்பெறும். எனினும் காலம் இருபுறமும் வெட்டும் கருவி. மணந்தரும் எண்ணெய்களுள் எளிதில் ஆவியாவன முதல் நாள்களிலேயே குறையத் தொடங்குகின்றன. கஞ்சாவின் முதன்மை வேதிப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னபினால் பசுஞ்செடியில் பெரும்பாலும் அமில வடிவில் நிற்கின்றது. அவ்வடிவம் மயக்கந்தருவதன்று. வெப்பத்தால் கரியமிலவாயு நீங்கிய பின்னரே அது மயக்கந்தரும் பொருளாகும். ஆகவே 'பாடம் செய்தால் வீரியம் ஏறும்' என்று வளர்ப்போரிடை வழங்கும் கூற்றை அப்படியே ஏற்றற்கில்லை. அறைவெப்பத்தில் சில வாரங்களில் நிகழும் மாற்றம் சிறிது. ஏறுவது சுவையும் புகையின் மென்மையுமே.

ஆண்டுக்கணக்கில் வைத்தாலோ வீரியம் இறங்குகின்றது. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தார் அறைவெப்பத்தில் சேமித்துப் பார்த்தபோது முதலாண்டில் ஏறத்தாழ 17 விழுக்காடும், நான்காண்டு முடிவில் ஏறத்தாழ 41 விழுக்காடும் டெட்ராஹைட்ரோகன்னபினால் குறைந்திருந்தது. குறைந்ததுள் ஒரு பகுதி கன்னபினால் என்னும் வேறு பொருளாக மாறியிருந்தது. 1896-இல் கேம்பிரிட்சு வேதியியலார் உட்டு, சுபைவி, ஈசுட்டர்ஃபீல்டு ஆகியோர் சரசிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள் இக்கன்னபினாலே என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவர் கையில் கிடைத்தது பழஞ்சரக்கு. செடி பிறப்பித்ததைக் காட்டிலும் காலம் விளைவித்ததையே அவர் முதலிற் கண்டனர். உண்மையான முதன்மைப்பொருள் தூய வடிவில் பிரிக்கப்பெறுதற்கு 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மெல்லும் புகையிலையை ஆக்குவோர் நெடுங்காலமாக இவ்விரு செயல்களையும் பிரித்தே அறிவர். வெட்டிய செடியை வாடவிடுவர். கட்டித் தொங்கவிட்டோ, யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டையின் புகையூட்டியோ உலர்த்துவர். பின்னர் அடுக்கி மூடி, சில நாளுக்கொருமுறை பிரித்து மேலது கீழாக மாற்றி அடுக்குவர். சிலவிடங்களில் கருப்பட்டி நீரும் தெளிப்பர். இலை கருத்து மணமேறி வரும். இங்ஙனம் செய்வதற்குப் 'பாடம் செய்தல்' என்பது வழக்கு. 'பாடம் போடுதல்' என்றும் சொல்வர். துணியையோ தாளையோ மடித்துச் சுமையேற்றி மடிப்புப் படியவைத்தலையும் பாடம் போடுதல் என்பர். வேட்டையில் வீழ்ந்த புலியின் தோலைக் கெடாது காத்தலும் பாடம் செய்தலே.

பாடம் என்றதும் எம்மனோர்க்கு ஏட்டுப்பாடமும் பாடவேறுபாடும் நினைவில் எழுதல் இயல்பு. அப்பாடம் வடமொழி வழிவந்தது. அடுக்கிப் படியவைத்துக் காக்கும் பாடத்தை யாம் படு, படி என்னும் வினைகளோடு இயைத்துக் காணவே விரும்புகிறோம். அழுத்தம், அடுக்கு, காலம் ஆகிய மூன்றும் அச்சொல்லுள் அடங்கியிருத்தலால் நௌகாவ்க் களத்தின் மிதித்தலுக்கும் மூடுதலுக்கும் அது ஒருசேரப் பொருந்துகின்றது. 'பதப்படுத்தல்' அவ்வாறன்று. பதம் என்பது அடையவேண்டிய நிலை. அதனை அடைவிக்கும் வினை எதுவாயினும் பதப்படுத்தலாம். பாலைக் காய்ச்சினும் பதப்படுத்தலே, மீனுக்கு உப்பிடினும் பதப்படுத்தலே. ஆகவே பதப்படுத்தலைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, 'கியூரிங்' என்பதற்குப் பாடம் செய்தல் என்பதையே தனிச்சொல்லாகக் கொள்ளுதல் தகும். சாடியில் அழுத்தம் இல்லையே எனின், மூடிவைத்துக் காலங்கொடுத்தல் உண்டு. சொல் அவ்வளவு விரியும்.

சொல் வேறுபாடு சட்டத்துள் புகும்போது அதன் எடை பன்மடங்காகின்றது. உருவகமாகக் கூறவில்லை, எடை என்றே கூறுகிறோம். பசுங்கதிரின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். கனடாச் சட்டம் இதனை உணர்ந்து, உலர்ந்த கஞ்சா 1 கிராமுக்குப் பசுங்கஞ்சா 5 கிராம் நிகர் என்று அட்டவணையிலேயே வகுத்தது. செருமானியச் சட்டம் வீட்டில் வைத்துக்கொள்ள இசையும் 50 கிராமை உலர்த்திய பின்னர் உள்ள எடை என்று வெளிப்படக் கூறுகின்றது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைமருந்துகள், உளமயக்கப் பொருள்கள் சட்டம் கஞ்சாவை வளர்த்தலையும் வைத்திருத்தலையும் குற்றமாக்குகின்றது. அது கஞ்சா என்பதற்குக் கஞ்சாச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்றும், நுனியோடு சேராத விதையும் இலையும் அடங்கா என்றும் இலக்கணம் கூறுகின்றது. பச்சையா உலர்ந்ததா என்பது அவ்விலக்கணத்தில் இல்லை. 2001-இல் வெளிவந்த அறிவிக்கை 1 கிலோவைச் சிறிய அளவு என்றும் 20 கிலோவை வணிக அளவின் எல்லை என்றும் வரையறுத்தது. வணிக அளவுக்குத் தண்டனை 10 ஆண்டிற்குக் குறையாத கடுங்காவல்.

ஒருவர் கொல்லையில் வெட்டிய பசுங்கதிர் 22 கிலோ நிற்கின்றது எனக் கொள்வோம். ஒரு திங்கள் கழித்து நிறுத்தால் அது 5 கிலோ அளவில் இருக்கும். முதல்நாள் எடை வணிக அளவைக் கடக்கின்றது. பின்னாள் எடை அதில் கால்பங்கே. தண்டும் இலையும் சேர்த்து நிறுத்தாரா, கதிரை மட்டும் நிறுத்தாரா என்பதும் இத்தகையதே. கைப்பற்றுப் பட்டியலை எழுதுவோர் 'கஞ்சா' என்று மட்டும் எழுதாது, பச்சை, வாடியது, உலர்ந்தது, பாடம் செய்தது என்று கண்டபடி எழுதுவாராயின், வழக்காடுவார்க்கும் தீர்ப்பளிப்பார்க்கும் பொருளின் நிலை புலனாகும். தமிழில் எழுதப்படும் காவல்நிலைய ஏடுகளில் இச்சொற்கள் இடம்பெறுதற்குத் தடை ஏதும் இல்லை.

சித்த மருத்துவ ஏடுகளைப் பதிப்பிப்போர்க்கும் இதனால் ஒரு பயன் உண்டு. கோரக்கர் மூலி, சிவமூலி என்னும் பெயர்களால் இம்மூலிகை அந்நூல்களில் வழங்கும். அதனை மருந்திற் சேர்க்குமுன் சுத்தி செய்தல் வேண்டும் என்பது மரபு. நீரில் பச்சைச்சாறு நீங்குமளவும் கழுவி, உலர்த்தி, பசுநெய்யில் வறுத்தல் அதன் ஒரு முறை. பாடத்தில் காலத்தால் நீங்கும் பச்சையை இங்கே நீர் நீக்குகின்றது. அமில வடிவை மாற்றும் வெப்பத்தை நெய் தருகின்றது. பின்னதனால் மருந்தின் மயக்கவலிமை மாறுதல் ஒருதலை. ஆதலின் வறுத்தல் கூறப்பட்ட இடத்து அதனை விட்டெழுதுதல் சிறு பிழையன்று. அவ்வாறே மருத்துவநூலார் 'நிழலில் உலர்த்தி' என்பதனையும் 'வெயிலில் காயவைத்து' என்பதனையும் மருந்துக்கு மருந்து வேறுபடுத்தியே கூறுவர். உரைநடையில் பெயர்த்தெழுதும் பதிப்பாளர் சிலர் இரண்டையும் 'காயவைத்து' என ஒன்றாக்கி விடுகின்றனர். நிழலில் உலர்த்தியதன் மணம் வெயிலில் காய்ந்ததில் இராது. மூலத்தில் நிழல் இருப்பின் உரையிலும் நிழல் இருத்தல் வேண்டும். அச்சேறிய பதிப்புகளை ஏட்டோடு ஒப்பிடும் ஆய்வு மாணவர் இவ்வினைச்சொற்களைத் தனியே தொகுத்து, எந்த மூலிகைக்கு எவ்வினை ஆளப்பட்டது என்று பட்டியலிடுவராயின், அகராதிக்கும் மருத்துவத்துக்கும் ஒருங்கே உதவும் பணியாகும்.